லேப்டாப் சர்வீஸ், கார் ஆக்ஸஸரீஸ்: எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர் அவிநாசி ரோட்டில் எனக்கு லேப்டாப் சர்வீஸ் கடை. ஒட்டின கடையில் மச்சான் கார் ஆக்ஸஸரீஸ் போடுகிறார். இரண்டு கடைக்கும் சேர்த்து வாசலில் ஒரே பெஞ்சு. சீட் கவர் மாட்டக் காரை விட்டவர் என்னிடம் லேப்டாப் சந்தேகம் கேட்பார். லேப்டாப்பைப் பிரித்துப் போட்டிருக்கும்போது அதன் சொந்தக்காரர் மச்சானிடம் டேஷ்கேம் (காரின் முன்கண்ணாடியில் மாட்டும் கேமரா) விலை விசாரிப்பார். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். கரண்டு எங்கிருந்து வருகிறது, சூடு எங்கே போகிறது என்று பார்த்தாலே பாதிக்கு மேல் பதில் கிடைத்துவிடும்.

சர்வீஸுக்கு வரும்போது லேப்டாப் மட்டும் கொண்டு வந்தாப் போதுமுங்களா?

சார்ஜரையும் கொண்டு வாருங்கள். 'ஆன் ஆகலைங்க' என்று வருகிற லேப்டாப்களில் சிலவற்றுக்கு ஒன்றுமே இருக்காது, சார்ஜர் ஒயர் உள்ளுக்குள் அறுந்திருக்கும். சார்ஜர் இல்லாமல் வந்தால் அதைக் கண்டுபிடிக்கவே இன்னொரு நடை ஆகிவிடும். பை, மவுஸ், பென் டிரைவ் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

ஃபைல்களை முன்கூட்டியே காப்பி எடுத்துவிடுங்கள். ஆன் ஆகாத லேப்டாப் என்றால், 'டேட்டா வேணும், ஃபார்மட் பண்ணக் கூடாது' என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். ரேம் எத்தனை ஜிபி, எஸ்எஸ்டி எத்தனை ஜிபி என்பதும் அதே ரசீதில் இருக்கட்டும். ஒழுங்கான கடைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

லேப்டாப் மேல கை வெச்சா சுர்ருனு இழுக்குதுங்க. ஷாக் அடிச்சிருமுங்களா?

மெட்டல் பாடி லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுக்கொண்டு வேலை செய்பவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. சார்ஜருக்குள் மின் இரைச்சலை அடக்க ஒரு சின்னக் கப்பாசிட்டர் இருக்கும். அதன் வழியாகத் துளிக் கரண்டு எப்போதும் கசியும். எர்த் சரியாக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் உங்கள் கை வழியாகப் போகப் பார்க்கும். ஒரிஜினல் சார்ஜரில் இந்தக் கசிவு ஆபத்தான அளவுக்குப் போகாது. டூப்ளிகேட் சார்ஜருக்கு அந்த உத்தரவாதத்தை நான் தர மாட்டேன்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது வீட்டு எர்த்தை. தோட்டத்துச் சாளைகளில் (தோட்ட வீடுகளில்) எர்த் குழி வறண்டு கிடப்பது சகஜம். மூணு பின் பிளக்கை டூ பின் அடாப்டரில் சொருகி வைத்திருப்பது அதைவிடச் சகஜம். எலக்ட்ரீஷியனை ஒரு தடவை வரச் சொல்லுங்கள். லேப்டாப்பில் சுர்ரென்றால், வாஷிங் மெஷினுக்கும் ஹீட்டருக்கும் அதே எர்த்துதான். அங்கே கோளாறு வந்தால் சுர்ரோடு நிற்காது.

சும்மா இருக்கும்போதே ஃபேன் ஏரோப்ளேனாட்டக் கத்துதுங்க, என்ன பண்றது?

பனியன் கம்பெனி ஆபீஸில் இருக்கிற லேப்டாப்பா என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும். கட்டிங் டேபிளுக்குப் பக்கத்தில் பில் போடுகிற லேப்டாப்பைத் திறந்தால், ஃபேனுக்கும் காப்பர் குழாய் முனையில் இருக்கிற தகடுகளுக்கும் நடுவில் பஞ்சு ஒரு பட்டையாகப் படிந்திருக்கும். சாமணத்தால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக வரும். அந்த மாதம் என்ன கலர் துணி ஓடியது என்றுகூடச் சொல்லிவிடலாம். சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிக் குடோன்களிலும் இதே கதைதான்.

காற்று வெளியேற வழி இல்லாததால் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது. அதற்கும் சூடு அடங்காவிட்டால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கணக்கு சாஃப்ட்வேரைப் பற்றி 'டேலி ஸ்லோ ஆயிருச்சு' என்று நீங்கள் சொல்வது அதைத்தான். பஞ்சுள்ள இடமென்றால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவையும், மற்ற இடமென்றால் வருடத்துக்கு ஒரு தடவையும் பிரித்துச் சுத்தம் செய்வது நல்லது. தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் அப்போதே மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் புளோயர் வைத்து ஊதுகிறவர்கள், ஃபேன் சுற்றாதபடி ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். கண்டபடி சுற்றவிட்டால் ஃபேன் கெட்டுவிடும்.

எந்நேரமும் சார்ஜ்லயே போட்டு வெச்சா பேட்டரி போயிருமுங்களா?

உடனே போகாது, ஆனால் சீக்கிரம் வயதாகும். லித்தியம் பேட்டரிக்கு 100 சதவீதத்திலேயே நிற்பதும் ஆகாது, சூடும் ஆகாது. மேஜையிலேயே இருக்கிற லேப்டாப் என்றால், கம்பெனி கொடுத்திருக்கும் செட்டிங்கில் 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி வைத்துவிடுங்கள். இப்போது பல பிராண்டுகளில் இந்த வசதி இருக்கிறது.

டச்பேடு அழுந்த மறுக்கிறது, கீழ்மூடி மேஜையில் சரியாக உட்கார மாட்டேன் என்கிறது என்றால் பேட்டரி உப்பியிருக்கக் கூடும். அப்படியே ஆஃப் செய்து, சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கொண்டு வாருங்கள். அழுத்திப் பார்ப்பது, ஊசியால் குத்திக் காற்றை எடுப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம், தீப்பிடித்துவிடும். மாற்றிய பழைய பேட்டரியையும் குப்பையில் போடாதீர்கள்.

டீ கொட்டிருச்சுங்க. அரிசி மூட்டைக்குள்ள வெச்சுட்டேன், சரியாப் போச்சுங்களா?

அரிசி வெளியிலிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் இழுக்கும். போர்டின் மேல் காய்கிற சர்க்கரையையும் பாலையும் அது ஒன்றும் செய்யாது. கொட்டியதும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஆஃப் செய்யுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், திரையை விரித்துக் கவிழ்த்து வையுங்கள். பிறகு ஆன் செய்து பார்க்காமல் எடுத்து வாருங்கள். ஈரம் அதிகம் கேடு செய்வது கரண்டு ஓடும்போதுதான். 'ரெண்டு நாள் நல்லா ஓடுச்சுங்க, மூணாவது நாள் போயிருச்சு' என்று வருவது போர்டு மெல்ல மெல்ல அரித்ததால்.

கவர்மென்ட்ல குடுத்த பழைய லேப்டாப் ஒண்ணு கெடக்குதுங்க. அதை எதுக்காச்சும் ஆக்க முடியுமுங்களா?

2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தவை இன்னமும் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, ரேமைக் கூட்டி, லினக்ஸ் ஏற்றினால் பில் அடிக்க, பிள்ளைகள் டைப் பழக, பாடம் பார்க்கத் தாங்கும். விண்டோஸ் 11 அதில் முறைப்படி ஏறாது. டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸர் வேண்டும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, ஆகவே அதில் பேங்க் வேலை பார்க்காதீர்கள்.

கார்ல போகும்போது லேப்டாப்புக்குச் சார்ஜ் போடலாமுங்களா?

போடலாம். லேப்டாப் யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகுமென்றால், 65 வாட் பிடி (PD, பவர் டெலிவரி) கார் சார்ஜர் ஒன்று வாங்கினால் வேலை முடிந்தது. மொபைலுக்கு வைத்திருக்கும் 18 வாட் சார்ஜரில் போட்டுவிட்டு 'ஏறவே மாட்டேங்குது' என்பவர்கள் வாட்டைப் பார்ப்பதில்லை. பழைய குண்டு பின் சார்ஜர் என்றால் சின்ன இன்வெர்ட்டர் வேண்டும்.

காரின் 12 வோல்ட் சாக்கெட்டுக்குப் பொதுவாக 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ்தான் இருக்கும். அதாவது 120 முதல் 180 வாட் வரை. லேப்டாப்புக்கு அது தாராளம். அதிலேயே மினி கெட்டில் போட்டால் ஃபியூஸ் போகும். போன ஃபியூஸுக்குப் பதில் பெரிய ஆம்பியர் ஃபியூஸோ கம்பியோ வைத்துவிடாதீர்கள். ஒயர் எரியாமல் காப்பாற்றத்தான் ஃபியூஸ் முதலில் போகிறது.

என்ஜின் ஆஃபில் இருக்கும்போது மணிக்கணக்காகப் போடாதீர்கள். 65 வாட் லேப்டாப், இன்வெர்ட்டர் நஷ்டத்தையும் சேர்த்தால் சுமார் 6 ஆம்பியர் இழுக்கும். சின்ன பெட்ரோல் காரின் பேட்டரி 35 ஆம்பியர்-அவர் அளவுதான். மூன்று மணி நேரத்தில் பாதி காலி. பொறவு வண்டியைத் தள்ளத்தான் ஆள் தேட வேண்டும்.

கல்யாணத்துக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் லேப்டாப் கார்லயே இருந்தா என்னங்க ஆயிரும்?

சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய கார் ஒரு மணி நேரத்தில் உள்ளே 50 டிகிரியைத் தாண்டும், டேஷ்போர்டு அதைவிட அதிகம் சுடும். மேக்புக்கை வைத்திருக்கலாம் என்று ஆப்பிள் சொல்லும் உச்ச வெப்பம் 45 டிகிரி. பேட்டரிக்கு ஏன் சூடு ஆகாது என்று மேலேயே சொன்னேன். வேறு வழியே இல்லையென்றால் ஆஃப் செய்து, வெயில் படாமல், வெளியே தெரியாமல் டிக்கியில் வையுங்கள். எடுத்து வந்ததும் ஆறவிட்டு ஆன் செய்யுங்கள்.

புதுக் கார் எடுத்திருக்கறனுங்க. முதல்ல என்னென்ன போடோணும்?

மச்சானைக் கேட்டால் நீளமான பட்டியல் வரும், அது அவர் வியாபாரம். என்னைக் கேட்டால் நல்ல மேட், டயருக்குக் காற்றடிக்கும் சின்னக் கம்ப்ரெசர், டேஷ்கேம் போதும். மற்றதை ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

மேட்டில் ஒரு விஷயம். கம்பெனி மேட்டின் மேல் இன்னொரு தடி மேட்டைப் போட்டால் ஆக்ஸிலரேட்டர் பெடல் அதில் மாட்டிக்கொள்ளும். பழையதை எடுத்துவிட்டு, கொக்கியில் மாட்டி, பெடலைக் கடைசி வரை அழுத்தி விட்டுப் பாருங்கள். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று லேபிள் தைத்திருந்தால், அதற்கென்று தையல் விட்ட சீட் கவர்தான் போட வேண்டும். சாதாரணக் கவரைப் போட்டு இறுக்கினால் ஏர்பேக் விரிய வழியிருக்காது.

டேஷ்போர்டு மேல மருதமலை முருகனை ஒட்டி வெச்சுக்கலாமுங்களா?

நடுவில் சின்னதாக ஒட்டுங்கள், தப்பில்லை. இடது பக்கம் ஏர்பேக் என்று எழுதியிருக்கும் மூடியின் மேல் மட்டும் வேண்டாம். அந்த மூடி திறக்கும் வேகத்தில் சிலை நேராக முன்சீட்டில் இருப்பவரின் முகத்துக்குத்தான் வரும்.

சன் ஃபிலிம் ஒட்டுனா போலீஸ் பிடிப்பாங்களா, மாட்டாங்களா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ஆளாளுக்கு ஒன்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டுவதையே தடுத்தது. மோட்டார் வாகன விதி 100-ன்படி முன், பின் கண்ணாடி வழியாக 70 சதவீதமும் பக்கக் கண்ணாடி வழியாக 50 சதவீதமும் வெளிச்சம் உள்ளே வர வேண்டும். பிற்பாடு அந்த விதி திருத்தப்பட்டு, தரச் சான்றுள்ள ஃபிலிமோடு கூடிய கண்ணாடிக்கும் இடம் வந்தது. அதை வைத்து 2024-ல் கேரள உயர் நீதிமன்றம், இந்த அளவுக்குள் இருக்கும் ஃபிலிமுக்கு அபராதம் போடக் கூடாது என்றது.

ஆக, வாளையாறு தாண்டிக் கேரளாவுக்குள் போனால் ஒரு பேச்சு, இந்தப் பக்கம் ஒரு பேச்சு என்று ஆகிவிடுகிறது. கறுப்பு ஃபிலிம் எங்கேயும் ஆகாது. சூடுதான் பிரச்சினை என்றால் கழற்றி மாட்டும் ஷேடை நிறுத்தும்போது வைத்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

பம்பருக்கு முன்னாடி ஸ்டீல் கார்டு (guard) போட்டா வண்டிக்குப் பாதுகாப்புதானுங்களே?

பம்பருக்குப் பாதுகாப்பு, உள்ளே இருப்பவருக்கு அல்ல. மோதும்போது முன்பாகம் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், சென்சார் அதை உணர்ந்து ஏர்பேக்கை விரிக்க வேண்டும். நடுவில் ஒரு இரும்புக் குழாய் நின்றால் அந்தக் கணக்கு மாறிவிடும். எதிரில் நடந்து வருபவருக்கும் அடி பலமாகப் படும். இதனால்தான் 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இவற்றின் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. மச்சான் கடையில் இதை மாட்டுவதில்லை. சீட் பெல்ட் சத்தம் வராமலிருக்கச் சொருகும் கிளிப்பும் கிடையாது. வேண்டுமென்றால் கோபித்துக்கொண்டு போகலாம்.

ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ போட்டா வாரண்டி போயிருமுங்களா?

ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றினால் சண்டைக்கு வழி விட்டதாக ஆகும். உங்கள் மாடலுக்கென்றே வருகிற கப்ளர் வாங்கி, வெட்டாமல் சொருகினால் நாளைக்கே பழைய செட்டைத் திரும்ப மாட்டலாம். முன்னால் உட்கார்ந்து வேலையைப் பாருங்கள். கையில் கட்டிங் பிளேயரை எடுத்தால் 'எதுக்குங்ணா?' என்று கேளுங்கள்.

இன்சூரன்ஸிலும் சொல்லி வையுங்கள். வெளியில் போட்ட எலக்ட்ரிக்கல் ஆக்ஸஸரீஸ் காரின் மதிப்பில் சேராது. அதன் விலையில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கலாம், 20,000 ரூபாய் செட்டுக்கு 800 ரூபாயும் வரியும். பில் இல்லாமல் வாங்கியதைச் சேர்க்க முடியாது.

டேஷ்கேம் போட்டதுக்கப்புறம் காலைல வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுங்க.

வண்டி நிற்கும்போதும் பதிவு செய்கிற பார்க்கிங் மோடில் ராத்திரி முழுக்க ஓடியிருக்கும். லேப்டாப் சார்ஜ் பற்றிச் சொன்ன அதே கணக்குதான், இது கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறது. நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட் பக்கம் இறங்கினதும் கேமராவைத் துண்டிக்கும் கட்-ஆஃப் உள்ள ஒயரிங் கிட் போட்டால் தீரும். வண்டி நான்கைந்து நாள் நிற்குமென்றால் பார்க்கிங் மோடே வேண்டாம். புதிதாக வாங்குகிறவர்கள் உள்ளே பேட்டரி இல்லாமல் கப்பாசிட்டர் வைத்த கேமராவைக் கேளுங்கள். நம்மூர் வெயிலில் கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கிற சாமான் அது.

தோட்டத்துல நிறுத்தறனுங்க, எலி ஒயரைக் கடிச்சுப் போடுது. மருந்து அடிச்சாக் கேக்குமுங்களா?

கொஞ்ச நாளைக்குக் கேட்கும், வாசம் போனதும் திரும்ப வரும். புண்ணாக்கு மூட்டையும் பருத்திக்கொட்டையும் இருக்கிற சாளைக்கு ஒட்டியே காரை நிறுத்தினால் எந்த மருந்தும் நிற்காது. சூடான என்ஜின் பக்கத்தில் கூடு கட்ட இடமும், நாலடியில் சாப்பாடும் இருக்கிறது அதற்கு. முதலில் வண்டியை அங்கிருந்து நகர்த்துங்கள். ராத்திரி பானெட்டைத் திறந்து வைப்பது, கீழ்ப்பக்கம் வலை அடிப்பது இரண்டும் உதவும். விஷம் வைத்தால் ஏசி குழாய்க்குள் போய்ச் செத்துவிடும், அந்த நாற்றத்துக்கு எங்களிடம் ஆக்ஸஸரி இல்லை.

திம்பம் போறப்ப பனில ஒண்ணுமே தெரியறதில்லைங்க. எல்இடி பல்பு மாத்திட்டாத் தெரியுமுங்களா?

பனியில் வெளிச்சம் கூடினால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஹை பீமை அணைத்துவிட்டு லோ பீமும், தாழ்வாக வைத்த ஃபாக் லைட்டும் போட்டு மெதுவாகப் போவதுதான் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுக்கும் வழி. ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்இடி பல்பை மாட்டினால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசும். 60/55 வாட் பல்பு இருந்த இடத்தில் 100/90 வாட் போட்டு, ரிலே (பேட்டரியிலிருந்து நேராகக் கரண்டு கொடுக்கும் சுவிட்ச்) வைக்காமல் விட்டால் ஹோல்டர் உருகும். ஃபியூஸ் பற்றி மேலே சொன்னதை இங்கேயும் வைத்துக்கொள்ளுங்கள்.

திடீர்னு சத்தம் போட்டு 'வைரஸ் வந்திருக்கு, இந்த நம்பருக்குக் கூப்பிடு'ன்னு வருதுங்க. கூப்பிடட்டுங்களா?

கூப்பிடாதீர்கள். பிரவுசரில் திறந்த ஒரு பக்கம்தான் அது. மூட முடியாவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஆஃப் செய்யுங்கள். கூப்பிட்டால் எனிடெஸ்க் மாதிரி ஒன்றை ஏற்றச் சொல்லி உங்கள் திரையைப் பார்ப்பார்கள், அப்புறம் பேங்க் பக்கத்தைத் திறக்கச் சொல்வார்கள். கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுளில் தேடாமல், வாரண்டி கார்டிலிருந்து எடுங்கள். பணம் போயிருந்தால் என்னிடம் வந்து நேரத்தை வீணாக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

போர்டு மாத்துனதும் நீலக் கலர்ல வந்து 48 நம்பர் கேக்குதுங்க. நீங்க ஏதாச்சும் லாக் போட்டுட்டீங்களா?

இல்லை. அது பிட்லாக்கர். புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோடு நுழையும்போது, உங்களுக்குத் தெரியாமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். போர்டு மாறினால் திருடன் கைக்குப் போய்விட்டதோ என்று அது சந்தேகப்படும். அந்த 48 இலக்கம் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கும். வேறொரு போனில் நுழைந்து பார்த்து அடித்தால் திறந்துவிடும்.

'எந்த மெயில் ஐடி?' என்று நான் கேட்பேன். அங்கேதான் சிக்கும். வாங்கின கடைப் பையனே ஏதோ ஒரு ஐடியைப் போட்டுத் திறந்து கொடுத்திருப்பார். அந்தப் பையன் இப்போது வேறு வேலைக்குப் போயிருப்பார். ஐடி கிடைக்காவிட்டால் எந்தச் சர்வீஸ்காரராலும் அந்த டேட்டாவை எடுக்க முடியாது, ஃபார்மட்தான். லேப்டாப் நன்றாக இருக்கும்போதே இதைப் பார்த்து, நம்பரைத் தாளில் அச்செடுத்து ஆர்சி புக்கோடு வைத்துவிடுங்கள்.

வண்டி இடிச்சுருச்சுங்க. டேஷ்கேம் கார்டை லேப்டாப்ல போட்டா ஃபார்மட் பண்ணச் சொல்லுது. பண்ணட்டுங்களா?

வேண்டாம், கேன்சல் கொடுங்கள். கார்டை வெளியே எடுங்கள், கேமராவிலும் திரும்பப் போடாதீர்கள். இடித்த நொடியில் பவர் போயிருந்தால் கடைசி ஃபைல் முழுதாக மூடப்படாமல் இருக்கும். கார்டு ரீடரை மாற்றி, வேறு லேப்டாப்பில் ஒரு தடவை பாருங்கள். அப்போதும் அதே மாதிரி என்றால் கொண்டு வாருங்கள். முதலில் கார்டை அப்படியே முழுக் காப்பி எடுத்துவிட்டு, அந்தக் காப்பியின் மேல்தான் மீட்பு வேலை பார்ப்போம். கார்டு நன்றாக இருந்து நீங்கள் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தாலும் ஆபத்துதான். இடம் நிறைந்ததும் கேமரா பழைய வீடியோவின் மேலேயே எழுதும். இடித்தவுடன் லாக் பட்டனை அழுத்துவது அதற்காகத்தான்.

கேஸுக்கு வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் வந்த காப்பியை நம்பாதீர்கள், அது சுருங்கிப்போன வேறு ஃபைல். ஒரிஜினல் கார்டை எடிட் எதுவும் செய்யாமல் கவரில் போட்டு, தேதி எழுதி வையுங்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுச் சாட்சியத்தோடு ஒரு சான்றிதழும் கொடுக்க வேண்டியிருக்கும். அதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேமராவில் தேதியும் மணியும் சரியாக ஓடுகிறதா என்று இன்றைக்கே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மச்சான் மாட்டிக்கொடுத்த கேமராக்கள் சர்வீஸுக்கு வரும்போது பார்த்தால், பாதியில் இன்னும் மாட்டின வருடத்து ஜனவரி முதல் தேதியே ஓடிக்கொண்டிருக்கிறது.